நரம்பு வலிக்குக் கிளைசின் பொடியா, மாத்திரையா? எந்தப் பழுதுக்கு எது பொருந்தும்

கடைகளில் பொடியாக விற்கும் அமினோ அமிலமான கிளைசின் நரம்புகளை அமைதிப்படுத்தும் என்பது பொய்யல்ல. தண்டுவடத்தில் வலிச் செய்தியை அடக்கி வைக்கும் முக்கிய வேதிப்பொருள்களில் அது ஒன்று. ஆனால் அதைக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலும் இடுப்பிலிருந்து கால்வரை சுளீரென்று இழுக்கும் வலியும் குறையும் என்று அங்கிருந்து ஒரே தாவாகத் தாவுவதில்தான் பிழை இருக்கிறது. நாட்பட்ட நரம்பு வலியில் உடம்பில் கிளைசின் தீர்ந்துபோவதில்லை. கிளைசின் வந்து சேர்கிற இடம்தான் பழுதாகிறது. அந்தப் பழுது மூன்று வகை. எந்தப் பழுது என்பதைப் பொறுத்துத்தான் பொடி வாங்குவதா, மருத்துவர் எழுதும் மாத்திரையைச் சரியான அளவில் தொடர்வதா, ஆய்வில் இருக்கும் புது மருந்துகளை நம்பிக் காத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

பிரேக் எங்கே இருக்கிறது

தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்று ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் சொன்னது 1965-இல். அதே ஆண்டில் ஆப்ரிசன், வெர்மன் இருவரும் பூனையின் தண்டுவடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளைசினை அளந்தார்கள். அடக்கும் நியூரான்கள் (நரம்பு செல்கள்) நிறைந்த பகுதியில் அது குவிந்திருந்ததைக் கண்டு, அதுவே ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக்கடத்தியாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது பிறகுதான் தெளிவானது.

கிளைசின் ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கும் ஒரு குளோரைடு வழி. கிளைசின் ஒட்டியதும் வழி திறந்து குளோரைடு உள்ளே பாயும். நியூரானின் மின்னழுத்தம் தணிந்து, அது செய்தி அனுப்புவது நிற்கும். ஏற்பிகளை, இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸுக்கு அடியில் நங்கூரமிட்டுப் பிடித்து வைப்பது ஜெஃபிரின் என்ற இன்னொரு புரதம்.

இந்த ஏற்பியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. எட்டி மரம் போதும். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் நேராகக் கிளைசின் ஏற்பியில் உட்கார்ந்து அதை மூடிவிடும். நஞ்சுண்டவருக்கு நினைவு தப்பாது. ஆனால் ஒரு சிறு சத்தத்துக்கும் தொடுதலுக்கும் உடல் முழுதும் வில்லாக வளைந்து இசிக்கும். சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டையை நஞ்சு முறிக்கச் சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாது என்பதன் காரணம் இதுதான். வாத வலிக்கென்று யாரோ கொடுத்த, சுத்தி செய்யாத எட்டிக்கொட்டைப் பொடியை உள்ளுக்குச் சாப்பிடுபவர் வலியைத் தடுக்கும் பிரேக்கையே கழற்றிக்கொண்டிருக்கிறார். டெட்டனஸ் நஞ்சு இதே பிரேக்கை வேறு வழியில் அறுக்கிறது. அடக்கும் நியூரான்கள் கிளைசினையும், காபா என்ற இன்னொரு அடக்கும் கடத்தியையும் வெளிவிடத் தேவையான புரதத்தை அது வெட்டிவிடுகிறது. ரண ஜன்னியில் தாடை பூட்டிக்கொள்வது அதனால்தான்.

வலிக்கு வருவோம். தண்டுவடத்தின் பின்பக்கப் பகுதியான பின்கொம்பு அடுக்கடுக்கானது. வலி நரம்புகள் மேலடுக்கில் வந்து முடிகின்றன. மெல்லிய தொடுதலைக் கொண்டுவரும் தடித்த நரம்புகள் ஆழத்து அடுக்குகளில் முடிகின்றன. ஆழத்திலிருந்து மேலடுக்குக்குப் போகும் இணைப்புகளும் இருக்கின்றன. அவை எப்போதும் திறந்திருந்தால் சட்டை உரசினாலே வலிக்கும். கிளைசின் நியூரான்கள் அந்த இணைப்புகளை ஓயாமல் அடக்கிக்கொண்டிருப்பதால்தான் தொடுதல் தொடுதலாகவே நிற்கிறது. எலியின் தண்டுவட நீரில் சிறிதளவு ஸ்ட்ரிக்னின் செலுத்தி, முதுகு மயிரைத் தூரிகையால் மெல்ல வருடினால், சாதாரணமாகக் கண்டுகொள்ளாத அந்த வருடலுக்கு எலி கத்தித் துள்ளுகிறது. தோலில் காயமில்லை, வீக்கமில்லை, நரம்பும் அறுபடவில்லை. வேட்டி நுனி பட்டாலே பாதம் எரிகிறது, போர்வை மேலே பட்டால் தூங்க முடியவில்லை என்று சொல்பவர்களின் தண்டுவடத்திலும் இதற்கு நெருங்கிய ஒன்று நடந்துகொண்டிருக்கக்கூடும்.

பழுது எங்கே

முதல் வகை, வீக்க வலி. மூட்டு வீங்கும்போதோ அறுவைக்குப் பின்போ தண்டுவடத்திலேயே காக்ஸ்-2 நொதி பெருகி, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது கிளைசின் ஏற்பியின் ஆல்ஃபா-3 என்ற வகையைப் பாஸ்பேட் ஏற்றி மந்தமாக்குகிறது. ஆல்ஃபா-3 பெரும்பாலும் பின்கொம்பின் மேலடுக்கில்தான் இருக்கிறது. இதைக் காட்டிய ஆய்வு 2004-இல் வந்தது. ஆல்ஃபா-3 இல்லாத எலிகளுக்கு வீக்க வலி நீடிக்கவில்லை.

2006-இல் வந்த அடுத்த ஆய்வுதான் நம் முடிவுக்கு முக்கியமானது. நரம்பே அடிபட்ட வலியில் இந்தப் பாதைக்குப் பங்கில்லை. ஆல்ஃபா-3 இல்லாத எலிகளுக்கும் அந்த வலி வழக்கம்போலவே வந்தது. காக்ஸ் நொதியைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் மூட்டு வலியைக் குறைத்துவிட்டு, பாத எரிச்சலில் ஒன்றும் செய்யாமல் போவதை விளக்க இது உதவுகிறது.

இரண்டாவது, நரம்பு அடிபட்ட வலி. நியூரானுக்குள் குளோரைடு குறைவாக இருந்தால்தான் ஏற்பி திறந்ததும் அது உள்ளே பாயும். அந்தக் குறைவைக் காப்பது கேசிசி2 என்ற பம்பு. நரம்பு நசுங்கினால் தண்டுவடத்தின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்து, பிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் விளைவாக மேலடுக்கு நியூரான்களில் கேசிசி2 குறைகிறது, உள்ளே குளோரைடு தேங்குகிறது. 2003, 2005 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இந்தச் சங்கிலியைக் கோத்துக் காட்டின. குளோரைடின் சமநிலை மின்னழுத்தம், அதாவது அதன் பாய்ச்சல் நின்றுவிடும் புள்ளி, மைனஸ் 70 மில்லிவோல்ட்டை ஒட்டி இருந்தது, மைனஸ் 50-ஐ ஒட்டி நகர்ந்துவிடுகிறது. இந்த நிலையில் கிளைசின் வந்து வழியைத் திறந்தாலும் அடக்கம் வலுவிழக்கும். சில நியூரான்களில் அதுவே தூண்டலாகவும் மாறும். இங்கே கிளைசினைக் கூட்டுவது, பெடல் அறுந்த பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிப்பது போலத்தான்.

மூன்றாவது, ஆழத்துக் கிளைசின் நியூரான்கள் போதிய தூண்டல் இல்லாமல் அடங்கிக் கிடப்பது. எலிகளில் இவற்றை மட்டும் தேர்ந்து அழித்தபோது தொடுதலே வலியானது. செயற்கையாகத் தூண்டியபோது நரம்பு வலி தணிந்தது. கிளைசின் நியூரான்களை ஓட்டும் வேலையின் ஒரு பகுதியை மூளைத் தண்டிலிருந்து இறங்கி வரும் நார்அட்ரினலின் என்ற கடத்தி செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பேசும்போது தேவைப்படும்.

டப்பாவில் வரும் கிளைசின் அங்கே போகிறதா

அளவுகளைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரத்தத்தில் கிளைசின் சுமார் 200 முதல் 300 மைக்ரோமோலார் (செறிவைச் சொல்லும் அலகு). மூளைத் தண்டுவட நீரில் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமோலார்தான். இடையில் நிற்கும் இரத்த-மூளைத் தடுப்பும், உபரியை உறிஞ்சும் ஜிஎல்ஒய்டி1, ஜிஎல்ஒய்டி2 என்ற இரண்டு கடத்திகளும் இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கின்றன. சினாப்ஸில் கிளைசின் வெளிவிடப்படும்போது அங்கே ஒரு கணம் மில்லிமோலார் அளவு, அதாவது ஆயிரம் மைக்ரோமோலார் கணக்கில், எட்டும். மில்லி வினாடிகளில் வடிந்துவிடும். பிரேக் பிடிப்பது அந்தக் கூர்மையான எகிறலால். வாய்வழி 3 கிராம் சாப்பிட்டால் இரத்தத்தில் அளவு கூடும். ஆனால் தண்டுவட நீரில் அது ஏற்படுத்தும் மெல்லிய உயர்வு சினாப்ஸின் எகிறலுக்கு ஈடாகாது.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. கிளைசினுக்கு இரண்டாவது வேலை இருக்கிறது. என்எம்டிஏ என்ற ஏற்பி திறக்க, தூண்டும் கடத்தியான குளூட்டமேட் மட்டும் போதாது, துணைக்குக் கிளைசினோ டி-செரினோ ஒட்ட வேண்டும் என்பதை ஜான்சன், ஆஷெர் இருவரும் 1987-இல் கண்டார்கள். என்எம்டிஏ வலியைப் பெருக்கிக் கூர்மையாக்கும் ஏற்பி. அதன் கிளைசின் இடத்துக்கு ஒரு மைக்ரோமோலார் அளவே ஏறக்குறையப் போதும். அடக்கும் கிளைசின் ஏற்பிக்கோ பத்துக் கணக்கிலிருந்து நூறு மைக்ரோமோலார் வரை வேண்டும். ஆக, கொஞ்சமாகக் கசியும் கிளைசின் முதலில் தொடுவது பிரேக்கை அல்ல, ஆக்ஸிலரேட்டரை. பின்கொம்பில் அடக்கும் சினாப்ஸிலிருந்து வழியும் கிளைசின் அருகிலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளை ஊக்குவதை 2003-இல் ஒரு ஆய்வு நேரடியாகவே பதிவு செய்தது.

தடுப்பைத் தாண்டிக் கிளைசினை நேரே தண்டுவட நீருக்குள் செலுத்தினால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். சிஆர்பிஎஸ் எனப்படும் கடுமையான கை, கால் வலியும் தசை முறுக்கும் கொண்ட நோயாளிகளுக்கு, தண்டுவட நீருக்குள் தொடர்ந்து கிளைசின் கொடுத்து, வெற்றுத் திரவத்தோடு ஒப்பிட்ட இரட்டை மறைப்பு ஆய்வு (யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது) நெதர்லாந்தில் நடந்து, 2009-இல் வெளியானது. வலியும் குறையவில்லை, முறுக்கும் குறையவில்லை. நேரே உள்ளே ஊற்றியும் கேட்காத வலி, வயிறு வழியாகப் போகும் ஒரு கரண்டிக்குக் கேட்கும் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை.

எனவே நரம்பு வலிக்காக மட்டும் கிளைசின் பொடி வாங்க வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பும் கொலாஜன் பொடியும் இதே கணக்கில்தான் வரும். ஜெலட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கிளைசின். 3 கிராம் கிளைசினுக்கு 12 கிராம் உலர் ஜெலட்டின் தேவை. மெக்னீசியம் கிளைசினேட் மாத்திரையைக் கிளைசினுக்காக வாங்குவது இன்னும் மோசமான வழி. அதில் 100 மில்லிகிராம் மெக்னீசியத்தோடு வரும் கிளைசின் சுமார் 600 மில்லிகிராம். 3 கிராம் சேர்க்க 500 மில்லிகிராம் மெக்னீசியம் உள்ளே போகும், பேதிதான் மிஞ்சும்.

மருந்துக்கடையில் இன்று கிடைப்பவை

முதலில் வலி எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, மின்சாரம் பாய்வது போன்ற சுளீர், போர்வை பட்டால் கூசுவது, இவை நரம்பு வலியின் அடையாளம். ஒரே இடத்தில் அழுத்தினால் வலிப்பது, காலையில் விறைப்பு, அசைவோடு கூடும் வலி, இவை பெரும்பாலும் தசை, மூட்டு, வீக்கம் சார்ந்தவை. பின்னதற்கு வீக்கம் குறைக்கும் மருந்துகள் குறைந்த நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின், சிறுநீரகமும் வயிறும் இடங்கொடுத்தால். மேலே சொன்ன ஆல்ஃபா-3 பழுதைச் சரிசெய்ய இன்று கையிலிருப்பவை இவையே. கிளைசினை ஒரு துளியும் கூட்டாமலே கிளைசின் பிரேக்கை மீட்டுத் தரக்கூடிய மருந்துகள் இவை.

நரம்பு வலிக்கு மூன்று பெயர்கள் முன்னே நிற்கின்றன: அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரகாபலின். 2015-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து தர வேண்டும் என்று கணக்கிட்டது. அமிட்ரிப்டிலின் குடும்பத்துக்கு 3.6, டுலாக்ஸெடின் குடும்பத்துக்கு 6.4, பிரகாபலினுக்கு 7.7. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் அமிட்ரிப்டிலின் ஆய்வுகள் பழையவை, சிறியவை; அந்த 3.6-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. 2022-இல் பிரிட்டனில் சர்க்கரை நோய் நரம்பு வலிக்காரர்களிடம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நேருக்கு நேர் ஒப்பிட்டபோது வலி குறைந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்று மட்டும் போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. அதனால் எது வலிமையானது என்று தேடுவதில் பயனில்லை. உங்கள் உடம்பில் எது தாங்கும் என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

வலியால் தூக்கம் கெட்டவருக்கு, அறுபதுக்குக் கீழ் வயதிருந்து இதயத்தில் கோளாறில்லை என்றால், அமிட்ரிப்டிலின் நல்ல தொடக்கம். 10 மில்லிகிராம், இரவு எட்டு மணிவாக்கில். படுக்கும்போது போட்டால் மறுநாள் காலை மந்தம் நீளும். வாரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் ஏற்றி 50 வரை, அதிகபட்சம் 75. வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும். பிராஸ்டேட் பெருத்தவருக்குச் சிறுநீர் அடைக்கும், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. வயதானவர்கள் இரவில் எழுந்து போகும்போது தள்ளாடி விழுவது இதன் பெரிய அபாயம். இதய நோய் இருந்தால் இசிஜி பார்க்காமல் தொடங்கக் கூடாது.

டுலாக்ஸெடின் மேலே சொன்ன நார்அட்ரினலின் பாதையைத் தூக்குகிறது. இறங்கி வரும் அந்தப் பாதை பின்கொம்பின் அடக்கும் நியூரான்களை எழுப்புவது விலங்குகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. முதல் வாரம் 30 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், பிறகு 60. தொடக்கத்தில் குமட்டல் அதிகம், பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் அடங்கும். குமட்டலுக்குப் பயந்து நான்காம் நாளே நிறுத்திவிட்டுக் கேட்கவில்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. 120-க்கு ஏற்றினால் பலன் பெரிதாகக் கூடாது, தொல்லை கூடும். கல்லீரல் நோய், அதிகக் குடிப்பழக்கம், கடுமையான சிறுநீரகப் பழுது இருந்தால் வேண்டாம். டிராமடால் என்ற வலி மருந்தோடு சேர்த்தால் செரட்டோனின் மிகையாகும் அபாயம் உண்டு.

பிரகாபலினுக்கும் கிளைசின் ஏற்பிக்கும் நேரடித் தொடர்பில்லை. வலி நரம்பின் முனையில் கால்சியம் வழியின் ஆல்ஃபா-2-டெல்டா துண்டைப் பிடித்து, குளூட்டமேட் வெளிவருவதைக் குறைக்கிறது. பிரேக் பழுதானாலும் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துகிறது என்று சொல்லலாம். 75 மில்லிகிராம் இரவில் தொடங்கி, இரண்டு வேளையாக்கி, நாளுக்கு 300, தேவைப்பட்டால் 600 வரை. சிறுநீரகம் பாதியளவு வேலை செய்தால் அளவும் பாதி. தலைச்சுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் வரும். சர்க்கரை நோயாளிக்கு இந்த எடை தனிக் கவலை. திடீரென நிறுத்தக் கூடாது, குறைந்தது ஒரு வாரம் எடுத்துக் குறைக்க வேண்டும்.

டிஸ்க் விலகி இழுக்கும் சயாட்டிகா வலிக்கும் பழக்கத்தில் பிரகாபலினே எழுதப்படுகிறது. ஆனால் 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் எட்டு வாரம் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிடக் கால் வலி குறையவில்லை, தலைச்சுற்றல் மட்டும் கூடியது. புதிதாக வந்த சயாட்டிகா பலருக்கும் சில வாரங்களில் தானாகவே தணியும். அதற்கு மாதக்கணக்கில் பிரகாபலினைத் தொடர்வதற்கு வலுவான காரணம் இல்லை. சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிவிடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரைப் பேச்சை விட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நம் கடைகளில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரகாபலின் 75-ஓடு பி12 வைட்டமினின் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும், பலவற்றில் அமிட்ரிப்டிலின் குடும்பத்து நார்ட்ரிப்டிலினும் சேர்ந்திருக்கும். பட்டையின் பின்புறத்தைப் படிக்காமல், வேறொரு மருத்துவர் எழுதிய அமிட்ரிப்டிலினையும் சேர்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே குடும்ப மருந்து இருமடங்காகும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்து அதுவே கால் மதமதப்பைத் தரலாம். அந்தக் குறையைப் பரிசோதித்து நிரப்புவது எந்த வலி மாத்திரையையும்விட முதலில் செய்ய வேண்டியது.

காத்திருந்தால் வரக்கூடியவை

சினாப்ஸில் வெளிவரும் கிளைசினைச் சற்று நேரம் கூடுதலாகத் தங்க வைப்பது, அதாவது உறிஞ்சும் கடத்திகளை அடைப்பது, கிளைசினைக் குடிப்பதைவிடப் புத்திசாலித்தனமான வழி. நியூரான் தானே தேவையான இடத்தில், தேவையான கணத்தில் விடும் கிளைசின்தான் அங்கே கூடுகிறது. ஆனால் இரண்டு கடத்திகளும் ஒன்றல்ல. ஜிஎல்ஒய்டி1 பெரும்பாலும் நியூரான்களைச் சூழ்ந்த துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டில் இருந்துகொண்டு சுற்றுப்புறத்தைத் துடைக்கிறது. அதை அடைத்தால் என்எம்டிஏ பக்கமும் கிளைசின் கூடும். ஜிஎல்ஒய்டி2 கிளைசின் நியூரானின் முனையிலேயே இருந்து, வெளிவிட்டதைத் திரும்ப உள்ளிழுத்து அடுத்த முறைக்கு நிரப்புகிறது. அதை முற்றாக அடைத்தால் முதலில் பிரேக் வலுக்கும், பிறகு நிரப்ப ஆளில்லாமல் பிரேக்கே காலியாகும். ஜிஎல்ஒய்டி2 இல்லாமல் பிறந்த எலிகள் இரண்டாவது வாரத்தில் நடுக்கத்தோடும் விறைப்போடும் இறக்கின்றன. மனிதரில் இதே மரபணுப் பழுது, சிறு சத்தத்துக்கும் உடல் விறைக்கும் ஹைப்பர்எக்ப்ளெக்சியா நோயைத் தருகிறது. அதனால் முழுதாக அடைக்காமல் பாதியாக, விலகக்கூடிய விதத்தில் அடைக்கும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள்.

இந்த வழியில் நோயாளிவரை வந்த ஒன்று தென்கொரியாவின் ஓபிரான்செரின். ஜிஎல்ஒய்டி2-ஐயும் செரட்டோனின் 2ஏ ஏற்பியையும் சேர்த்து அடைக்கும் ஊசி மருந்து அது. அறுவைக்குப் பின்னான வலிக்கு 2024 டிசம்பரில் அந்நாட்டில் அனுமதி பெற்றது. இரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து என்பதால் வீட்டில் நாட்பட்ட வலிக்கு உதவாது. ஆல்ஃபா-3 ஏற்பியை மட்டும் ஊக்கும் மூலக்கூறுகளும் கேசிசி2 பம்பைத் தூக்கும் மூலக்கூறுகளும் எலிகளில் நன்றாக வேலை செய்கின்றன. நரம்பு வலியின் வேரைத் தொடுவது இரண்டாவதுதான் என்பதால் அதன்மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனாலும் இவற்றுக்காகக் காத்திருந்து இன்றைய சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மூளைக்கு என்றால் கணக்கு வேறு

தூக்கத்துக்குக் கிளைசின் எடுப்பது ஓரளவு நியாயமான தேர்வு. படுப்பதற்கு முன் 3 கிராம் கொடுத்த ஜப்பானிய ஆய்வுகளில் தூக்கத் திருப்தியும் மறுநாள் சுறுசுறுப்பும் சற்று மேம்பட்டன. பங்கேற்றவர்கள் சிலரே, ஆய்வாளர்களில் அமினோ அமிலம் தயாரிக்கும் அஜினோமோட்டோ நிறுவனத்தினரும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே எடைபோட வேண்டும். இது நடக்கும் விதத்துக்கு எலியாய்வுகள் ஒரு விளக்கம் தருகின்றன. மூளையின் ஹைப்போதலாமசில் உடற்கடிகாரம் இருக்கும் இடத்தின் என்எம்டிஏ ஏற்பிகள் வழியாகத் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைகிறது. தண்டுவடத்தில் தொல்லையான அதே ஏற்பிதான் இங்கே உதவுகிறது. அல்ப்ரசோலம், க்ளோனசெபாம் போன்றவற்றைத் தூக்கத்துக்கு மாதக்கணக்கில் போடுவதைவிட இது பாதுகாப்பானது. நரம்பு வலியும் தூக்கமின்மையும் சேர்ந்திருந்தால், இரண்டையும் தொடும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்தான் முதல் தேர்வாக இருக்கத் தகும்.

முயல்பவர் மருந்துத் தரம் என்று குறிப்பிட்ட, வேறெதுவும் கலக்காத பொடியை வாங்கட்டும். தேக்கரண்டி அளவு பொடிக்குப் பொடி மாறும் என்பதால் 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் நிறுத்துக்கொள்வது நல்லது. அரை டம்ளர் தண்ணீரில் சுலபமாகக் கரையும், இனிக்கும், ஆனால் சர்க்கரையல்ல. படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் குடித்து, இரண்டு வாரம் தூங்கிய நேரத்தையும் காலைக் களைப்பையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம். அளவை ஏற்றுவதால் பலன் ஏறும் என்பதற்குச் சான்றில்லை. குமட்டலும் வயிறு கலங்குவதும் ஏறும்.

ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோயில் கதை நீண்டது. என்எம்டிஏ மந்தமே அந்த நோயின் ஒரு வேர் என்ற கருத்தில், ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் வரை, அதாவது நாளொன்றுக்கு 60 கிராம் அளவில் கிளைசின் கொடுத்த சிறு ஆய்வுகள் 1990-களில் நம்பிக்கை தந்தன. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் 60 கிராமும் வெற்றுப் பொடியும் ஒன்றுபோலவே இருந்தன. ஜிஎல்ஒய்டி1-ஐ அடைக்கும் பிட்டோபெர்ட்டின் 2014-இல் மூன்றாம் கட்ட ஆய்வில் தவறியது, அதே வகை மருந்தான ஐக்லெபெர்ட்டின் 2025 ஜனவரியில் தவறியது. அந்த நோய்க்கான க்ளோசபின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கிளைசின் கொடுத்தால் க்ளோசபினின் பலனே குறையலாம் என்ற ஆய்வும் உண்டு. அவர்கள் வீட்டில் கிளைசின் பொடி இருக்கவே வேண்டாம்.

கிளைசின் மிகுந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பதைப் பிராஸ்டேட் அறுவை அரங்குகள் நன்கு அறியும். மின்சாரத்தால் வெட்டும் பழைய முறையில் 1.5 விழுக்காடு கிளைசின் நீரால் சிறுநீர்ப்பையைக் கழுவிக்கொண்டே அறுப்பார்கள். ஒரு லிட்டரில் 15 கிராம். அறுபட்ட இரத்தக்குழாய்கள் வழியே இரண்டு லிட்டர் உள்ளே போனால் 30 கிராம் கிளைசின் நேராக இரத்தத்தில். சோடியம் சரியும், கிளைசின் சிதைந்து அமோனியா கூடும். விழித்திரையில் கிளைசின் அடக்கும் கடத்தி என்பதால் நோயாளிக்குச் சில மணி நேரம் பார்வை மங்கும் அல்லது முற்றாக மறையும். குழப்பம், வலிப்பு வரை போகும். இதைத் தவிர்க்கவே பல இடங்களில் உப்பு நீரில் செய்யும் இருமுனை முறைக்கு மாறினார்கள்.

ஈரல் கரணை நோய் (சிரோசிஸ்) உள்ளவர்கள் அமோனியா காரணத்தால் கிளைசினைத் தொடக் கூடாது. சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். கிளைசினை உடைக்கும் நொதி இல்லாமல் பிறந்த குழந்தைக்கு, மூளையில் கிளைசின் தேங்கி, உடல் தளர்ந்து, மூச்சு நின்று நின்று, வலிப்பு வரும். அதற்குச் சோடியம் பென்சோயேட் கொடுத்துக் கிளைசினை வெளியேற்றுவார்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கொடுத்து என்எம்டிஏ ஏற்பியை அடைப்பார்கள். வால்ப்ரோயேட் கிளைசினை மேலும் கூட்டும் என்பதால் அந்தக் குழந்தைகளுக்கு அதைத் தவிர்ப்பார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெரியவர்களும் கிளைசின் தொடங்குமுன் தங்கள் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.